நன்றாகத் தெரியும்போதே பரிசோதிக்க வேண்டிய கண்கள்

நீரிழிவு என்றதும் எமது மக்களின் மனதில் முதலில் எழுவது கால்களைப் பற்றிய அச்சமே. ஆறாத புண், கறுத்துப்போன விரல், முழங்காலுக்குக் கீழே அகற்றப்பட்ட கால் ஆகியவற்றை ஒவ்வோர் ஊரும் கண்டிருக்கின்றது. அதனால் பாதணியின்றி முற்றத்தில்கூட இறங்காத நீரிழிவாளர்களையும், நகம் வெட்டுவதற்கே அஞ்சுபவர்களையும் நாம் தாராளமாகக் காண்கின்றோம். இது நல்லதே. ஆனால் அவர்களிடமே, கண்களைக் கடைசியாக எப்போது பரிசோதித்தீர்கள் என்று வினவினால் பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கின்றது. "கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை, நன்றாகத் தெரிகின்றது."

இந்தப் பதிலைப்போல் ஆபத்தானது வேறொன்றில்லை என்றால் அது மிகையாகாது. நீரிழிவினால் பார்வையை இழந்தோரில் பலர், சில மாதங்களுக்கு முன்னர்வரை பத்திரிகை வாசித்துக்கொண்டும் மோட்டார் சைக்கிள் ஓட்டிக்கொண்டும் இருந்தவர்களே. அவர்களது கண்ணின் உட்புறத்தில் நோய் பல ஆண்டுகளாக வளர்ந்துகொண்டிருந்தது. பார்வை அதனை அவர்களுக்குக் காட்டிக் கொடுக்கவில்லை. வலியில்லை, சிவப்பில்லை, கண்ணீர் வடியவில்லை. நன்றாகத் தெரிவது கண் நன்றாக இருப்பதற்குச் சான்றாகாது என்ற இந்த ஒரு விடயத்தை எமது வாசகர்கள் மனதிற் கொண்டால் போதும் என்ற எண்ணத்திலேயே இக்கட்டுரையை எழுத முற்பட்டோம்.

யாழ்ப்பாணத்து முதியவர்கள் சலரோகம் என்றும், வேறு பல இடங்களில் சீனி வருத்தம் என்றும் அழைக்கும் இந்நோய் இன்று இந்நாட்டில் எந்த அளவுக்குப் பரவியிருக்கின்றது? 2005, 2006 காலப்பகுதியில் நடத்தப்பட்ட தேசிய மட்ட ஆய்வொன்று, வயது வந்தோரில் பத்தில் ஒருவருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணித்தது. 2018, 2019ஆம் ஆண்டுகளில் மேற்கொள்ளப்பட்ட இலங்கை சுகாதார மற்றும் முதுமை ஆய்வின்படி இத்தொகை 23 சதவீதமாக உயர்ந்துள்ளது. மேலும் 30 சதவீதத்தினர் நீரிழிவின் வாசற்படியில் நிற்கின்றனர். இரு ஆய்வுகளின் முறைகளும் ஒன்றல்ல என்பதைக் கவனத்திற் கொண்டாலும், நிலைமை எந்தத் திசையில் செல்கின்றது என்பதில் ஐயமில்லை. உலகளாவிய ரீதியில் நீரிழிவாளர்களுள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு விழித்திரை நோய் ஏதோவொரு கட்டத்தில் இருப்பதாக 2021இல் வெளியான விரிவான மதிப்பீடொன்று தெரிவிக்கின்றது. இவ்விரு கணக்குகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர் எவரும் அமைதியாக இருக்க முடியாது.

விழித்திரை என்பது யாது? பாடசாலை விஞ்ஞானப் பாடத்தில் கண்ணின் படத்தை வரைந்து பெயர் குறித்தவர்களுக்கு இச்சொல் புதிதன்று. விழிக்கோளத்தின் உட்சுவரில், பின்புறமாகப் படிந்திருக்கும் மெல்லிய நரம்புப் படலமே அது. விழிவெண்படலத்தினூடாகவும் வில்லையினூடாகவும் வரும் ஒளி இப்படலத்தின் மீதே விழுகின்றது. இதன் நடுவில் மஞ்சட்பொட்டு எனப்படும் சிறு பகுதி உள்ளது. எழுத்தை வாசிப்பதும், முகத்தை அடையாளம் காண்பதும், ஊசியில் நூல் கோப்பதும் இந்தச் சின்னஞ்சிறு இடத்தின் வேலை. எஞ்சிய பரந்த பகுதி பக்கப் பார்வைக்கும் இருளில் நடமாடுவதற்கும் உதவுகின்றது.

உடலிலேயே மிக அதிகமாக ஒட்சிசனை நுகரும் இழையங்களுள் விழித்திரையும் ஒன்று. அதற்கு ஊட்டமளிப்பவை மயிரிழையிலும் நுண்ணிய குருதிக் கலன்கள். குருதியில் சீனியின் அளவு ஆண்டுக்கணக்கில் மிகையாக இருக்கும்போது இந்த நுண்கலன்களின் சுவர்கள் பலவீனமடைகின்றன. முதலில் அவை ஆங்காங்கே சிறு கொப்புளங்களாகப் புடைக்கின்றன. பின்னர் அவற்றிலிருந்து நீரும் கொழுப்பும் கசிகின்றன. சில இடங்களில் குருதி புள்ளி புள்ளியாகச் சிந்துகின்றது. வேறு சில கலன்கள் முற்றாக அடைபட்டுப் போகின்றன. இவையனைத்தும் விழித்திரையின் ஓரப் பகுதிகளில் நிகழும்வரை நோயாளிக்கு எதுவுமே தெரிவதில்லை. மஞ்சட்பொட்டு பாதிக்கப்படாத வரை அவர் கண் வைத்தியரின் எழுத்துப் பலகையில் கடைசி வரியையும் தடையின்றி வாசிப்பார்.

நோய் இதன்பின் இரு வழிகளில் பார்வையைத் தாக்குகின்றது. கசியும் நீர் மஞ்சட்பொட்டில் தேங்கி அதனை வீங்கச் செய்வது முதலாவது வழி. அப்போது எழுத்துகள் மங்கும், நேர்கோடுகள் நெளிந்து தோன்றும். இது ஆரம்பக் கட்டத்திலும் நிகழலாம். இரண்டாவது வழி இன்னும் கொடியது. கலன்கள் அடைபட்டதனால் ஒட்சிசனின்றித் தவிக்கும் விழித்திரை, புதிய கலன்கள் வளர்வதற்கான இரசாயனச் செய்தியொன்றை அனுப்புகின்றது. அதற்கிணங்கப் புதிய கலன்கள் முளைக்கவும் செய்கின்றன. உதவிக்கு வந்தவை போலத் தோன்றும் இவை உண்மையில் உபத்திரவமே. சுவர் உறுதியற்ற இக்கலன்கள், கண்ணின் உட்புறத்தை நிரப்பியிருக்கும் கண்ணாடியுடனீரை நோக்கி வளர்ந்து ஒருநாள் வெடிக்கின்றன. அன்றுதான் நோயாளி முதன்முறையாக ஏதோ நேர்ந்துவிட்டதை உணர்கின்றார். கண்முன்னே கறுப்பு நூல்கள் மிதக்கும், புகை மண்டலம் போலத் தோன்றும், சில வேளைகளில் ஒரு கண் முற்றாக இருண்டுவிடும். இக்கலன்களோடு வளரும் தழும்பு இழையம் சுருங்கி விழித்திரையை அதன் இடத்திலிருந்து பிடுங்கிவிடுவதும் உண்டு.

முதற் புடைப்பு தோன்றிய நாளுக்கும் குருதி வெடித்த நாளுக்கும் இடையில் பெரும்பாலும் பல ஆண்டுகள் கழிகின்றன. சிகிச்சை பெரும் பலனளிக்கக் கூடிய காலமும் அதுவே. நோயாளி தனக்கு ஒன்றுமில்லை என்று இருந்துவிடும் காலமும் அதுவே.

எவ்வளவு காலத்தில் இது வரும் என்று பலர் கேட்பதுண்டு. அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் நடத்தப்பட்டு 1984இல் வெளியான புகழ்பெற்ற ஆய்வின்படி, இருபது ஆண்டுகள் நீரிழிவுடன் வாழ்ந்தவர்களுள், இளவயதில் நோய் தொடங்கியவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும், பிற்காலத்தில் தொடங்கியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கும் விழித்திரையில் மாற்றங்கள் காணப்பட்டன. இன்றைய சிகிச்சை முறைகளினால் இந்நிலை ஓரளவு மாறியிருப்பினும் வேறொரு தகவல் எம்மைச் சிந்திக்க வைக்கின்றது. பிரித்தானியாவில் நடைபெற்ற பாரிய நீரிழிவு ஆய்வில், நோய் புதிதாகக் கண்டறியப்பட்ட வேளையிலேயே மூன்றில் ஒரு பங்கிற்கும் மேற்பட்டோரின் விழித்திரையில் ஏதோவொரு பாதிப்பு இருந்தது. அதாவது, "எனக்குப் போன மாதம்தானே சீனி வருத்தம் வந்தது" என்று கூறுபவரின் உடலில் அது சத்தமின்றிப் பல ஆண்டுகள் குடியிருந்திருக்கக் கூடும். இதன் காரணமாகவே, முதிர்ந்த வயதில் வரும் இரண்டாம் வகை நீரிழிவுக்கு நோய் கண்டறியப்பட்ட உடனேயே கண் பரிசோதனை செய்யப்பட வேண்டும் என்றும், சிறுவயதில் வரும் முதலாம் வகைக்கு ஐந்து ஆண்டுகளுக்குள் தொடங்கப்பட வேண்டும் என்றும் நிபுணர்கள் விதந்துரைக்கின்றனர். அதன்பின், மாற்றம் எதுவும் இல்லாவிடினும் பொதுவாக ஆண்டுக்கு ஒருமுறை. மாற்றம் காணப்பட்டால் எத்தனை மாதங்களுக்கு ஒருமுறை என்பதை வைத்தியரே தீர்மானிப்பார்.

இங்கு கண் பரிசோதனை என்று நாம் குறிப்பிடுவது எதனை என்பதைத் தெளிவுபடுத்துவது அவசியம். ஏனெனில் எமது மக்களிற் பலர் மூக்குக்கண்ணாடிக் கடையில் எழுத்து வாசித்துக் காட்டியதையே கண் பரிசோதனை எனக் கருதுகின்றனர். சனசமூக நிலையங்களிலும் பள்ளிவாசல் மண்டபங்களிலும் நடைபெறும் இலவசக் கண் முகாம்கள் போற்றத்தக்க பணியைச் செய்கின்றன. ஆயினும் அவற்றுட் பல, வாசிப்புக் கண்ணாடி வழங்குவதோடும் கண்புரை உள்ளவர்களை இனங்காண்பதோடும் நின்றுவிடுகின்றன. கண்ணாடி பெற்றுக்கொண்ட நீரிழிவாளர், கண் பார்த்தாகிவிட்டது என்ற திருப்தியுடன் வீடு திரும்புகின்றார். இன்னொரு விடயம்: குருதியில் சீனி ஏறி இறங்கும்போது கண் வில்லையின் தன்மையும் மாறுவதால் பார்வை சில வாரங்களுக்குத் தடுமாறுவதுண்டு. அவ்வேளையில் அவசரப்பட்டு வாங்கும் கண்ணாடி, சீனி சீரானதும் பொருந்தாமற் போய்விடும்.

உண்மையான பரிசோதனை கண்மணியை மருந்துத் துளிகளினால் விரியச் செய்து, அதனூடாக விழித்திரையை நேரில் பார்ப்பதாகும். அல்லது அதற்கென உள்ள விசேட கமராவினால் விழித்திரையைப் படம் பிடிப்பதாகும். உயிருள்ள மனிதரின் விழித்திரையைப் பார்க்கும் கருவியை ஜேர்மனிய விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851இல் உருவாக்கினார். அதற்கு முன்னர் வைத்தியர்களுக்குக் கண்மணி வெறும் கறுப்பு வட்டமே. கருவி கிடைத்த சில ஆண்டுகளுக்குள்ளேயே, வியன்னாவைச் சேர்ந்த எட்வர்ட் யேகர் நீரிழிவாளரின் விழித்திரையில் மாற்றங்களைக் கண்டு விவரித்தார். உடலைக் கீறாமல், குருதிக் கலன்களை நேரடியாகக் கண்ணால் காணக்கூடிய இடம் இது ஒன்றுதான் என்பது வைத்தியர்களுக்கு இதிலுள்ள கூடுதல் பயன். விழித்திரையின் நுண்கலன்கள் சிதைந்திருப்பின் சிறுநீரகத்தின் நுண்கலன்களையும் சந்தேகிக்க வேண்டியதாகின்றது. கண் வைத்தியர் உங்களைச் சிறுநீர்ப் பரிசோதனைக்கு அனுப்பினால் அவர் தொடர்பில்லாத வேலையைச் செய்கின்றார் என்று எண்ண வேண்டாம்.

கண்மணியை விரிக்கும் துளிகளைப் பற்றி மக்களிடையே தேவையற்ற பயம் இருக்கின்றது. அத்துளி இட்ட பின்னர் சில மணி நேரத்துக்கு வெளிச்சம் கூசும், அருகிலுள்ள எழுத்து மங்கலாகத் தெரியும். இதனைக் கண்டு, பரிசோதனைக்குப் போய் இருந்த பார்வையும் போய்விட்டதாகக் கூறுவோர் உளர். மாலைக்குள் அல்லது மறுநாள் காலைக்குள் பார்வை பழைய நிலைக்குத் திரும்பிவிடும். 2023ஆம் ஆண்டில், கண் சத்திர சிகிச்சைக்குப் பின் பயன்படுத்தப்பட்ட ஒருவகைத் துளி மருந்து மாசடைந்திருந்ததனால் இந்நாட்டு வைத்தியசாலைகள் சிலவற்றில் நோயாளர்கள் பாதிக்கப்பட்ட செய்தி இந்தப் பயத்தை அதிகரித்திருப்பது இயல்பே. ஆனால் அது வேறு மருந்து, வேறு தேவைக்கானது. அந்தத் துயரச் சம்பவத்தின் பொருட்டு ஆண்டுப் பரிசோதனையைத் தவிர்ப்பது, ஒரு கிணற்றில் நீர் கெட்டதற்காகத் தண்ணீர் குடிப்பதையே நிறுத்துவதற்கு ஒப்பாகும்.

முஸ்லிம் வாசகர்கள் ரமழான் காலத்தில் எழுப்பும் வினா ஒன்றும் உண்டு. நோன்பு நோற்றிருக்கையில் கண்ணுக்குத் துளி மருந்து இடலாமா? இலங்கை முஸ்லிம்களிற் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின்படி கண்ணுக்கு இடும் மருந்தினால் நோன்பு முறிவதில்லை. சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமியும் 1997இல் ஜித்தாவில் நடைபெற்ற அமர்வில், தொண்டைக்கு வருவதை விழுங்காதிருக்கும் பட்சத்தில் கண் துளிகள் நோன்பை முறிக்காது எனத் தீர்மானித்துள்ளது. ஐயமுள்ளோர் தமது பகுதி உலமாக்களிடம் கேட்டுத் தெளியலாம். துளியை விட முக்கியமானது நோன்பின்போது குளிசைகளையும் இன்சுலினையும் எவ்வாறு மாற்றியமைப்பது என்பதே. கந்தசஷ்டி விரதத்தில் ஆறு நாட்கள் உபவாசமிருக்கும் இந்து நீரிழிவாளர்களுக்கும் இது பொருந்தும். சீனி திடீரெனத் தாழ்ந்துபோவதும், நோன்பு துறந்ததும் கட்டுமீறி ஏறுவதும் உடலுக்கு நல்லவையல்ல. முற்றிய விழித்திரை நோயோ சிறுநீரக நோயோ உள்ளவர்கள், நோன்புக்கு ஓரிரு மாதங்கள் முன்னதாகவே வைத்தியரைச் சந்தித்து அவரது கருத்தைப் பெறுவது அவசியமாகும்.

இனி, சிகிச்சை பற்றிய சில தவறான எண்ணங்களைப் பார்ப்போம். கண்தானத்தில் இலங்கை உலகப் புகழ் பெற்ற நாடு. வைத்தியர் ஹட்சன் சில்வா 1961இல் ஆரம்பித்த கண்தான சங்கத்தின் மூலம் இந்நாட்டவரின் கண்கள் பல நாடுகளில் பார்வை வழங்கியுள்ளன. இப்பெருமையின் நிழலில், "கண் போனால் வேறு கண் வைத்துக் கொள்ளலாம்" என்ற எண்ணம் எம்மவர் சிலரிடம் வேரூன்றியிருக்கின்றது. கண்தானத்தின் மூலம் மாற்றப்படுவது கண்ணின் முன்புறமுள்ள விழிவெண்படலம் மாத்திரமே. விழித்திரையை எடுத்து இன்னொருவருக்குப் பொருத்தும் சத்திர சிகிச்சை வழக்கில் இல்லை. அது மூளையோடு இலட்சக்கணக்கான நரம்பிழைகளால் இணைந்தது.

கண்புரை பற்றியும் கூற வேண்டும். நீரிழிவாளர்களுக்குக் கண்புரை மற்றவர்களை விட விரைவாகவே வருகின்றது. சத்திர சிகிச்சை மூலம் புரை படிந்த வில்லையை அகற்றிச் செயற்கை வில்லையைப் பொருத்தினால் பார்வை மீளும் என்பது யாவரும் அறிந்ததே. ஆனால் பின்னாலுள்ள விழித்திரை ஏற்கனவே சிதைந்திருந்தால், எத்தனை நல்ல வில்லையைப் பொருத்தினாலும் எதிர்பார்த்த பார்வை கிட்டாது. புதுக் கண்ணாடி போட்ட யன்னலுக்குப் பின்னால் இருண்ட அறை இருப்பதைப் போன்றதே இது. அப்போது பழி சத்திர சிகிச்சை செய்தவர் மீது விழுகின்றது.

பழியின் பெரும்பங்கு வந்து சேர்வது லேசர் சிகிச்சைக்குத்தான். "லேசர் பிடித்த பிறகுதான் அவருக்குக் கண் தெரியாமற் போனது" என்ற பேச்சை நாம் பல இடங்களில் கேட்டிருக்கின்றோம். இப்பேச்சினால் சிகிச்சைக்குச் செல்லாது பார்வையை இழந்தோர் எத்தனை பேரோ! உண்மை என்ன? விழித்திரையின் ஓரப் பகுதிகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நுண்ணிய சுடுகைகளை ஏற்படுத்துவதே லேசர் சிகிச்சை. ஓரத்தின் ஒட்சிசன் தேவையைக் குறைத்து, புதிய கலன்களை வளரத் தூண்டும் இரசாயனச் செய்தியை அடக்கி, நடுப் பார்வையைக் காப்பாற்றுவது அதன் தத்துவம். வீட்டைக் காக்க வேலியை விட்டுக்கொடுப்பது போல. இதனால் பக்கப் பார்வையும் இரவுப் பார்வையும் ஓரளவு குறையக்கூடும் என்பதை மறைப்பதற்கில்லை. வைத்தியர்களும் அதனை முன்கூட்டியே கூற வேண்டும். ஆனால் அமெரிக்காவில் 1970களில் நடந்த ஆய்வை இங்கு நினைவுகூர்வது பொருத்தம். ஆயிரத்து எழுநூறுக்கும் மேற்பட்ட நோயாளர்களின் ஒரு கண்ணுக்கு மட்டும் இச்சிகிச்சையை அளித்து, மறு கண்ணைச் சிகிச்சையின்றி அவதானித்தனர். சிகிச்சை பெற்ற கண்களில் கடுமையான பார்வையிழப்பு பாதிக்கும் மேலாகக் குறைந்தது. வித்தியாசம் அத்துணை தெளிவாக இருந்தமையால் 1976இல் ஆய்வின் விதிகளையே மாற்றி, நோய் முற்றியிருந்த மறு கண்களுக்கும் சிகிச்சையளிக்க அனுமதித்தனர்.

லேசர் எஞ்சியிருக்கும் பார்வையைக் காக்கும். போன பார்வையைக் கொண்டுவராது. போன பின்னர் வருபவருக்கு அது ஏமாற்றத்தையே தரும்.

மஞ்சட்பொட்டு வீக்கத்துக்கு இன்று முதன்மையாக அளிக்கப்படுவது கண்ணினுள் செலுத்தப்படும் ஊசி மருந்தாகும். பெவசிசுமாப், ரனிபிசுமாப், அப்லிபெர்செப்ட் போன்ற இம்மருந்துகள், நாம் முன்னர் குறிப்பிட்ட அந்த இரசாயனச் செய்தியையே தடுக்கின்றன. கண்ணுக்குள் ஊசியா என்று திகைப்பது இயல்பே. கண்ணை மரக்கச் செய்த பின்னரே ஊசி போடப்படுவதனால் வேதனை பெரிதாக இருப்பதில்லை. லேசரைப் போலன்றி, குறைந்த பார்வையை ஓரளவு மீட்டுத் தரும் ஆற்றலும் இவற்றுக்கு உண்டு. குறை யாதெனில் ஓர் ஊசியோடு விடயம் முடிவதில்லை. ஆரம்பத்தில் மாதந்தோறும், பின்னர் தேவைக்கேற்ப எனத் தொடர வேண்டும். முதல் ஊசியில் பார்வை தெளிந்ததும் அடுத்த தவணைக்கு வராமல் விடுவோர், சில மாதங்களில் முன்னரை விட மோசமான நிலையில் திரும்பி வருகின்றனர். குருதி நிறைந்த கண்ணாடியுடனீரை அகற்றி, பிடுங்கப்பட்ட விழித்திரையை ஒட்டவைக்கும் நுண் சத்திர சிகிச்சையும் உள்ளது. ஆனால் அது கடைசிக் கட்டம். அதற்கான நிபுணத்துவம் பெரும்பாலும் கொழும்பிலேயே குவிந்திருக்கின்றது. அம்பாறையிலிருந்தோ முல்லைத்தீவிலிருந்தோ இரவு பஸ்ஸில் பயணம் செய்து வரும் குடும்பத்துக்கு அது எத்தகைய சுமை என்பதை விளக்க வேண்டியதில்லை.

வருமுன் காப்பதற்கு வழியுண்டா எனில், உண்டு. அதுவும் ஆய்வுகளால் நிறுவப்பட்ட வழி. 1993இல் முடிவு வெளியான வட அமெரிக்க ஆய்வில், முதலாம் வகை நீரிழிவு உள்ளவர்களுள் சீனியை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களுக்கு விழித்திரை நோய் புதிதாகத் தோன்றும் ஆபத்து 76 சதவீதத்தால் குறைந்தது. இரண்டாம் வகையினரிடையே பிரித்தானியாவில் நடத்தப்பட்டு 1998இல் வெளியான ஆய்வு, குருதி அமுக்கத்தைப் பற்றி ஓர் அரிய உண்மையைச் சொன்னது. இரு குழுவினருக்கும் இடையில் மேல் அமுக்கத்தில் இருந்த வேறுபாடு வெறும் 10 அலகுகளே. ஆயினும் அமுக்கத்தை நன்கு கட்டுப்படுத்தியவர்களுக்கு விழித்திரை நோய் மோசமடையும் ஆபத்து மூன்றில் ஒரு பங்காலும், பார்வை குறையும் ஆபத்து ஏறத்தாழப் பாதியாலும் குறைந்திருந்தது. சீனிக்கான குளிசையை விடாமல் எடுத்துக்கொண்டு, "பிறஷர்" குளிசையை மட்டும் தலை சுற்றும்போது எடுப்பவர்கள் இதனைக் கவனிக்க வேண்டும்.

ஒரு முன்னெச்சரிக்கையும் உண்டு. நெடுங்காலம் உயர்ந்திருந்த சீனியை மிகக் குறுகிய காலத்தில் வெகுவாக இறக்கும்போது, ஏற்கனவே இருக்கும் விழித்திரை நோய் தற்காலிகமாக மோசமடையலாம். ஆகவே புதிதாக இன்சுலின் தொடங்குபவர்கள் அதற்கு முன்பே கண்ணைக் காட்டுவது நன்று. இதற்காக இன்சுலினை மறுத்துவிடக் கூடாது. நீண்ட கால நன்மை அதிலேயே உள்ளது. முன்னரே நீரிழிவு உள்ள பெண்கள் கர்ப்பமுறும்போதும் இந்நோய் துரிதமடைவதுண்டு. அவர்கள் கர்ப்பத்திற்கு முன்னரோ முதல் மூன்று மாதங்களுக்குள்ளோ கண்ணைப் பரிசோதித்து, வைத்தியர் கூறும் இடைவெளியில் தொடர வேண்டும். கர்ப்ப காலத்தில் மாத்திரம் சீனி ஏறும் தாய்மாருக்கு இது பொதுவாக அவசியமில்லை.

இவற்றையெல்லாம் நோயாளிக்கு எடுத்துச் சொல்வது யார் என்பதே எம்மை உறுத்தும் வினா. இங்கிலாந்தில் 2003இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்படி, பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொரு நீரிழிவாளருக்கும் கண் பரிசோதனைக்கான அழைப்பு வீடு தேடி வருகின்றது. பரிசோதிக்க வைத்தியர் நேரில் இருக்க வேண்டியதில்லை. பயிற்றப்பட்ட உத்தியோகத்தர் படம் பிடிக்க, வேறோரிடத்திலுள்ளவர்கள் அதனைத் தரப்படுத்துகின்றனர். அரை நூற்றாண்டுக் காலமாக அங்கு உழைக்கும் வயதினரின் பார்வையிழப்புக்கு முதற் காரணமாக இருந்த நீரிழிவு, 2009, 2010 காலப்பகுதியில் முதன்முறையாக அந்த இடத்திலிருந்து இறங்கியதாக 2014இல் ஆய்வாளர்கள் அறிவித்தனர். படத்தைக் கணினியே வாசித்து முடிவு கூறும் முறைக்கு அமெரிக்கா 2018இல் அனுமதி வழங்கியது. எமது ஆதார வைத்தியசாலைகளில் ஒரு கமராவும் ஒரு பயிற்றப்பட்டவரும் இருந்தால் எவ்வளவோ சாதிக்கலாம். இது எட்டாக் கனியன்று.

அதுவரை எம்மிடம் இருப்பது மாதாந்தக் கிளினிக்கும் கிளினிக் கொப்பியும். விடியற்காலையில் வந்து இலக்கம் எடுத்துக் காத்திருக்கும் நூற்றுக்கணக்கானோருக்கு, வைத்தியர் ஒதுக்கக்கூடிய நேரம் சில நிமிடங்களே. அந்நிமிடங்களில் சீனியின் அளவும் குளிசையின் எண்ணிக்கையும் பேசப்படுகின்றன, கண் பேசப்படுவதில்லை. வைத்தியர்களை நாம் இதற்காகக் குறைகூறவில்லை. ஆனால் காத்திருக்கும் அந்த மூன்று, நான்கு மணி நேரம் வீணே கழிகின்றதே! ஒரு தாதிய உத்தியோகத்தர், ஒரு விழித்திரைப் படம், பத்து நிமிடம் போதுமானது. அதுவும் கேட்போரின் மொழியில் இருக்க வேண்டும். பேருவளையிலும் காலியிலும் வாழும் முஸ்லிம் மூதாட்டியும், பதுளைத் தோட்டத்துத் தொழிலாளியும் தமக்குப் புரியாத மொழியில் கூறப்படும் அறிவுரைக்குத் தலையாட்டிவிட்டு வருவது இன்றும் நடக்கின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன் தமிழில் மருத்துவம் கற்பித்து, மருத்துவ நூல்களைத் தமிழாக்கிய நாடு இது. ஒரு பக்கத் துண்டுப் பிரசுரத்தைத் தமிழில் கொடுக்க முடியாது என்று எவரும் சொல்ல முடியாது.

கொப்பியின் உட்பக்கத்தில் கண் பரிசோதனைக்கென ஒரு கட்டமிடப்பட்டு, திகதியும் முடிவும் எழுதப்படுமானால், அடுத்த முறை பார்க்கும் எந்த வைத்தியரும் அதனைக் கவனிப்பார். சுகாதார அமைச்சு இதனைச் செய்யும்வரை வாசகர்கள் தாமே ஒரு பக்கத்தை ஒதுக்கிக் கொள்ளலாம். அடுத்த கிளினிக் நாளில், "என் கண்ணின் உட்புறத்தைப் பார்க்க எங்கே அனுப்புவீர்கள்?" என்று வைத்தியரிடமோ தாதியிடமோ கேளுங்கள், கண் பிரிவுள்ள அரசாங்க வைத்தியசாலைக்கு அவர்கள் கடிதம் தருவார்கள். அப்பரிசோதனைக்குக் கட்டணம் இல்லை. செல்லும் நாளில் துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். மோட்டார் சைக்கிளையோ முச்சக்கர வண்டியையோ நீங்கள் ஓட்ட வேண்டாம். வெயில் கூசாமலிருக்கக் குடையொன்றும் கறுப்புக் கண்ணாடியும் உதவும். பாவிக்கும் மருந்துகளின் விபரத்தையும் கையோடு கொண்டு செல்லுங்கள். இடையில் எப்போதாவது கண்முன்னே கறுப்பு நூல்கள் மிதந்தாலோ, திரை விழுந்தாற்போல் ஒரு பக்கம் மறைந்தாலோ தவணைத் திகதி வரை காத்திராமல் அன்றே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.